குலுக்கலில் கிடைத்த இடம்: எடுப்பதா, விடுவதா?

வாசகியின் கேள்வி:

மேடம், நாங்கள் நியூ ஜெர்சியில் ஜெர்சி சிட்டி ஜர்னல் ஸ்கொயர் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு வரும் செப்டம்பரில் கிண்டர்கார்டன். பத்து நிமிட நடையில் உள்ள ஒரு சின்ன சார்ட்டர் பள்ளியின் குலுக்கலில் அவளுக்கு இடம் விழுந்திருக்கிறது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை மொத்தமே 360 பிள்ளைகள், வகுப்புக்கு 40 பேர். மூன்றாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் ஒரு வருஷம் 47.5 சதவீதம் தேறியிருக்கிறார்கள், அடுத்த வருஷம் 37.5, இப்போது 45. இணையத்தில் பத்துக்கு ஐந்து மதிப்பெண்தான். பாதிப் பிள்ளைகள் ஏழைக் குடும்பம் என்று போட்டிருக்கிறது. அரசுப் பள்ளியைவிடப் பணமும் குறைவாகத்தான் கிடைக்கிறதாம். கட்டடம்கூட ஒரு சர்ச்சுக்குச் சொந்தம், வாடகைக்கு இருக்கிறார்கள். என் கணவர் 'சூழல் சரியா இருக்காது, புறநகர்ல எடிசன் ஊர்ப் பக்கம் போயிடலாம்' என்கிறார். அங்கே போனால் அவருக்கு நியூயார்க் ஆபீஸ் போய்வர நேரம் இரட்டிப்பாகும். சின்னவனுக்கு இரண்டு வயது. என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு, கெடு பக்கத்தில் இருப்பதால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் இந்த இடத்தை மறுக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உங்களைக் கலங்க வைத்திருக்கும் எண்கள் வேறு, உண்மையில் விசாரிக்க வேண்டிய எண்கள் வேறு. நான் பன்னிரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். அதன்பிறகு பள்ளிகளின் தேர்வு முடிவுகளைப் பகுத்து அறிக்கை எழுதும் வேலைக்குப் போனேன். அந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறேன்.

சார்ட்டர் பள்ளி என்றால் தனியார் பள்ளியோ என்ற குழப்பம் நம்மவர்களில் பலருக்கு இருக்கிறது. இல்லை, அது பொதுப் பள்ளிதான்: அரசுப் பணத்தில், மாநில அனுமதியோடு, தனி போர்டு ஒன்று நடத்துவது. 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டம் போட்டது. மறு வருஷமே செயின்ட் பாலில் முதல் பள்ளி திறந்தது. நியூ ஜெர்சிச் சட்டம் 1995க்கு உரியது. நம் ஊரில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளியோடு ஒப்பிடுவார்கள், அது பாதிதான் பொருந்தும். இங்கே கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, பிள்ளையைப் பொறுக்கி எடுக்க முடியாது, விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். மாநிலக் கல்வி ஆணையர் முதலில் 4 ஆண்டுக்கு அனுமதி தருகிறார், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் மூட வேண்டியதுதான். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அந்த மூன்று சதவீதங்கள். 40 பேர் வகுப்பில் 47.5 சதவீதம் என்றால் 19 பிள்ளைகள். 37.5 என்றால் 15 பேர். 45 என்றால் 18 பேர். நீங்கள் 'பத்து சதவீதம் விழுந்துவிட்டது' என்று பயந்தது நாலே நாலு பிள்ளைகளைப் பார்த்து. தேர்வு வாரத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், நடுவருஷத்தில் வேற்று நாட்டிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள் என்றால் போதும், பள்ளி 'சரிந்துவிடும்'. பாதிப் பேர் தேறக்கூடிய பள்ளியில், 40 பேர் வகுப்பின் விகிதம் வந்து சேரும் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் வேறு என்பதாலேயே 8 புள்ளி மேலேயும் 8 புள்ளி கீழேயும் ஆடுவது சர்வசாதாரணம். ஆசிரியரும் பாடமும் அப்படியே இருந்தாலும் ஆடும். சிறு பள்ளிகள் மாநிலப் பட்டியலின் உச்சியிலும் தெரியும், அடியிலும் தெரியும். பெரிய பள்ளிகள் நடுவில் கிடக்கும். பொருளாதார அறிஞர்கள் தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் 2002இலேயே இதை எழுதிக் காட்டிவிட்டார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. அறிக்கை எழுதும் வேலைக்கு வந்த முதல் வருஷம், ஒரு சிறு பள்ளியின் நாலாம் வகுப்புக் கணக்கு 12 புள்ளி இறங்கியிருப்பதாகத் தடித்த எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 38 பேர் வகுப்பு அது. அந்த டீச்சரை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். மறு வருஷம் எண் தானாக ஏறிவிட்டது. மாற்றியது சரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று வருஷத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் அந்த அம்மா எந்த வருஷமும் மோசமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. அதற்குள் அவர் பள்ளியை விட்டே போயிருந்தார். இன்றும் அது என்னை உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: சிறு பள்ளியில் ஒரு வகுப்பின் ஒரு வருஷ எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாரையும் சேர்த்து, மூன்று வருஷத்தையும் கூட்டிப் பாருங்கள். 2020, 2021 இரண்டு வருஷமும் கோவிட் காரணமாக நியூ ஜெர்சியில் மாநிலத் தேர்வு நடக்கவில்லை. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் வைக்கவும் வேண்டாம்.

இன்னொரு சிக்கல் 'தேறிய விகிதம்' என்ற அளவிலேயே இருக்கிறது. மாநிலத் தேர்வில் 650 முதல் 850 வரை மதிப்பெண் தருகிறார்கள், 750 தொட்டால் தேறியதாகக் கணக்கு. 690இல் இருந்த பிள்ளையை ஒரு ஆசிரியர் பாடுபட்டு 740க்குக் கொண்டு வந்தால் அந்த விகிதத்தில் ஒரு துளியும் ஏறாது. அபாகஸ், குமான் டியூஷன் என்று தயாராகி வந்த பிள்ளை 780 வாங்கினால் பள்ளிக்குப் பெருமை போய்ச் சேரும். வீடு விற்கும் தளங்களில் விலைக்குப் பக்கத்தில் தெரிகிறதே, பத்துக்கு இத்தனை என்ற எண், அதிலும் இப்படிப்பட்ட விகிதங்களுக்குப் பங்கு உண்டு. 1966இல் ஜேம்ஸ் கோல்மன் குழு அமெரிக்கா முழுவதும் பள்ளிகளை ஆராய்ந்து சொன்ன செய்தி இன்றும் பெரிதாக மாறவில்லை: மதிப்பெண் வித்தியாசத்தில் பள்ளியின் பங்கைவிடக் குடும்பத்தின் பங்கு அதிகம். பத்துக்கு ஐந்து என்பது யார் வந்து சேர்ந்தார்கள் என்பதைத்தான் கூடுதலாகச் சொல்கிறது. வந்தவர்களுக்குப் பள்ளி என்ன செய்தது என்பதை அது அவ்வளவாகச் சொல்லாது.

பள்ளி செய்த வேலையைப் பார்க்க நியூ ஜெர்சி கல்வித் துறை வேறொரு எண் வெளியிடுகிறது. பள்ளியின் செயல்பாட்டு அறிக்கையில் மாணவர் வளர்ச்சி என்ற தலைப்பில் இருக்கும். முந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை மாநிலம் முழுவதிலும் எடுத்து, இந்த வருஷம் யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்று 1 முதல் 99 வரை வரிசைப்படுத்துவார்கள். அதில் பள்ளியின் நடு எண் 50 என்றால் சராசரி வளர்ச்சி. அந்தப் பள்ளி வருஷா வருஷம் 55, 60 என்று நிற்கிறதென்றால், தேறிய விகிதம் 45 ஆக இருந்தாலும், என் சொந்தப் பேத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பேன். 40க்குக் கீழே கிடந்தால் யோசிக்க வேண்டும். நாலாம் வகுப்புக்குக் கீழே இந்த எண் கிடையாது. அதனால் உங்கள் மகள் படிக்கப்போகும் முதல் நாலு வருஷத்தை நேரில் போய்ப் பார்த்துத்தான் மதிப்பிட முடியும்.

போகும்போது ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள்: எட்டாம் வகுப்பில் இப்போது எத்தனை பேர்? கிண்டர்கார்டனில் 40, எட்டாம் வகுப்பில் 27 என்றால், நடுவில் 13 பேர் போயிருக்கிறார்கள், அந்த இடங்களைப் பள்ளி நிரப்பவில்லை என்று பொருள். சிரமப்படும் பிள்ளைகள் கழன்றுகொள்ள, நின்றவர்களின் சதவீதம் தானாக உயரும். மேல்வகுப்பு எண் அழகாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். எல்லா வகுப்பிலும் 38, 40 என்று இருந்தால், வெயிட்லிஸ்டில் இருந்து நிரப்புகிறார்கள். அந்தப் பள்ளியின் எண் நேர்மையானது.

பொதுவாக சார்ட்டர் பள்ளிகள் நல்லவையா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, 'எந்த ஊர் சார்ட்டர்?' என்று திருப்பிக் கேட்பேன். ஸ்டான்ஃபோர்டின் கிரீடோ ஆய்வு மையம் 2009இல் முதன்முதலாகப் பல மாநிலங்களை எடுத்துப் பார்த்தபோது, கணக்கில் 17 சதவீதப் பள்ளிகள்தான் பக்கத்து அரசுப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ். 2023 அறிக்கையில் நிலைமை மாறி, வாசிப்பில் 16 நாள் பாடத்துக்குச் சமமான கூடுதல், கணக்கில் 6 நாள் என்று வந்தது. நகரத்துப் பள்ளிகளை மட்டும் 41 பகுதிகளில் எடுத்துப் பார்த்த 2015 ஆய்வில் கணக்கில் 40 நாள், வாசிப்பில் 28 நாள். இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது பாஸ்டன் ஆய்வு. 'சார்ட்டருக்கு விண்ணப்பிக்கும் பெற்றோரே அக்கறை கூடியவர்கள், அதனால்தான் பிள்ளை நன்றாகப் படிக்கிறது' என்ற நியாயமான சந்தேகம் எப்போதும் இருந்தது. ஜோஷுவா ஆங்ரிஸ்ட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் குலுக்கலையே அளவுகோலாக்கினார்கள். குலுக்கலில் ஜெயித்தவரும் தோற்றவரும் விண்ணப்பித்தவர்கள்தானே, அக்கறை இருவருக்கும் ஒன்றுதான். அந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டபோது பாஸ்டன் நகரப் பள்ளிகளில் ஜெயித்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நகரத்துக்கு வெளியே இருந்த மாசசூசெட்ஸ் சார்ட்டர்களில் அந்த லாபம் இல்லை. ஆங்ரிஸ்ட் 2021இல் நோபல் பரிசு பெற்றார். உங்கள் மகள் இப்போது அந்த ஜெயித்த கூட்டத்தில் இருக்கிறாள். ஆனால் இவையெல்லாம் சராசரிகள், உங்கள் தெருவில் இருக்கும் பள்ளிக்கு உறுதி தராது.

'பாதிப் பேர் ஏழைகள்' என்ற வரிக்கு வருகிறேன். அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? மதிய உணவு விண்ணப்பத்திலிருந்து. மத்திய அரசுத் திட்டத்தின்படி குடும்ப வருமானம் வறுமைக் கோட்டைப் போல 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவச உணவு, 185 சதவீதம் வரை சலுகை விலை. இரண்டையும் சேர்த்து ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகள் விண்ணப்பமே இல்லாமல் எல்லோருக்கும் இலவச உணவு போடும் திட்டம் ஒன்றும் நடக்கிறது, 2023இல் அதன் தகுதி வரம்பை 40 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைத்தார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும் பள்ளியின் உணவுக் கணக்கை இல்லாத பள்ளியோடு ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள். ஒப்பிட வேண்டியது எடிசனோடு அல்ல, இந்த இடத்தை விட்டால் உங்கள் மகள் போகப்போகும் பக்கத்து அரசுப் பள்ளியோடு. அங்கே எத்தனை பேருக்குச் சலுகை உணவு, எத்தனை பேர் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், எத்தனை பேருக்கு ஐஇபி என்ற தனிக் கல்வித் திட்டம், இங்கே எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் சார்ட்டர்களில் குறைவு என்ற பழைய புகார் உண்மைதான். 2009-10க்கு நாடு முழுவதும் எடுத்த கணக்கில் சார்ட்டர்களில் 8 சதவீதம், மற்ற அரசுப் பள்ளிகளில் 11. கடினமான பிள்ளைகளைத் தவிர்த்துவிட்டு எடுத்த மதிப்பெண்ணைவிட, எல்லோரையும் வைத்துக்கொண்டு எடுத்த மதிப்பெண் எனக்குப் பெரிது.

உங்கள் கணவர் 'சூழல்' என்ற சொல்லில் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. கோபப்படவில்லை, அப்பாக்களின் பயம் அது. ஆனால் அவரிடம் நேராகவே சொல்கிறேன். ஜெர்சி சிட்டியில் 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2.92 லட்சம் பேர் வசிக்கிறார்கள். எகிப்திலிருந்து வந்த காப்டிக் கிறிஸ்தவர், பிலிப்பினோ, குஜராத்தி, புவர்ட்டோ ரிக்கோக்காரர் எல்லாம் ஒரே தெருவில். அறிக்கையில் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தில் நம் பிள்ளையும் மணிலாப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் சேர்ந்துதான் நிற்பார்கள். சலுகை உணவு வாங்கும் பிள்ளையின் அம்மா ராத்திரி ஷிப்டில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு, காலையில் தூங்காமல் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறவராக இருப்பார். நான் வகுப்பெடுத்த வருஷங்களில் அப்படிப்பட்ட அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்ததால் யாருடைய கணக்கும் கெட்டுப்போனதை நான் பார்க்கவில்லை. வகுப்பைக் கெடுப்பது அடிக்கடி மாறும் ஆசிரியர்தான்.

ஆசிரியர் நிலைப்பாரா என்ற கேள்வியில்தான் பள்ளியின் பணம் உள்ளே வருகிறது. நான் இருந்தால் மதிப்பெண்ணைவிட இதைத்தான் துருவித் துருவிக் கேட்பேன். ஜெர்சி சிட்டியின் பள்ளிப் பணத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1989இல் நாட்டிலேயே முதன்முதலாக ஒரு மாநில அரசு ஒரு பள்ளி மாவட்டத்தை, அதாவது ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பை, தன் கையில் எடுத்துக்கொண்டது இங்கேதான். ஏழை நகரங்களின் பிள்ளைகளுக்குச் சமமான பணம் வேண்டும் என்று நடந்த ஆபட் எதிர் பர்க் வழக்கில் பலன் பெற்ற ஊர்களில் இதுவும் ஒன்று. உங்கள் மகள் இங்கே கிண்டர்கார்டனுக்கு முந்தைய இலவச ப்ரீ-கே வகுப்புக்குப் போயிருந்தால், அந்த இடம் அந்த வழக்கின் 1998 தீர்ப்பிலிருந்து வந்தது. 2008 நிதிச் சட்டத்தின்படி ஏழைப் பிள்ளைக்கும், ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கும் தலைக்கு ஏறத்தாழ பாதிப் பங்கு கூடுதலாகச் சேர்த்துத்தான் ஒரு மாவட்டத்தின் தேவையைக் கணக்கிடுகிறார்கள்.

சார்ட்டருக்கான பணம் மாவட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. மாவட்டப் பிள்ளைக்குத் தலைக்கு ஆகும் பணத்தில் 90 சதவீதம் என்று சட்டம் சொல்லும், ஆனால் மாவட்டம் பெறும் எல்லா உதவியும் அந்தக் கணக்கில் வராது. ஜெர்சி சிட்டியில் அப்படி விடுபட்ட உதவித்தொகை பெரிதாக இருந்ததால் இங்குள்ள சார்ட்டர்கள் நெடுங்காலம் 90ஐ விட வெகு குறைவாகவே வாங்கி வந்தன. கட்டடத்துக்கென்று தனியாக வழக்கமான ஒதுக்கீடும் கிடையாது. மாநில, உள்ளூர்ப் பணத்தை வைத்துக் கட்டடம் கட்டவும் சட்டம் விடாது. அதனால்தான் மூடிப்போன கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடங்களில் இத்தனை சார்ட்டர்கள் வாடகைக்கு இருக்கின்றன. வாடகை பாடம் நடத்தும் பணத்திலிருந்தே போகிறது. சர்ச் கட்டடம் என்பதில் குறையே இல்லை, குத்தகை எந்த வருஷம் முடிகிறது என்பதுதான் கேள்வி.

360 பேர் பள்ளியில் பணம் தலைக்கணக்கு. அக்டோபர் 15 அன்று எண்ணும்போது 15 பிள்ளை குறைந்தால் ஒரு டீச்சரின் சம்பளத்துக்கு மேல் போய்விடும். அத்தோடு, கோவிட் காலத்தில் மூன்று தவணையாக மத்திய அரசு கொடுத்த ஏறத்தாழ 19,000 கோடி டாலர் உதவிக்கு 2024 செப்டம்பர் 30 கடைசிக் கெடு. அந்தப் பணத்தில் வைத்த வாசிப்பு ஆசிரியரை, கவுன்சிலரை இன்னும் வைத்திருக்கிறார்களா, அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு சார்ட்டரும் வருஷம் தவறாமல் ஆடிட் செய்தாக வேண்டும், அந்த அறிக்கை யாரும் பார்க்கக்கூடியது. அதில் கையிருப்பு ரொக்கம் எத்தனை நாள் செலவுக்குத் தாங்கும் என்று பாருங்கள். 60 நாளுக்கு இருந்தால் நிம்மதி என்பது சார்ட்டர்களைக் கண்காணிப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவு. போன வருஷ ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள், அனுமதி எப்போது புதுப்பிக்க வருகிறது, போன முறை நிபந்தனை ஏதும் போட்டார்களா என்பதும் தெரிய வேண்டும். போர்டு மீட்டிங் பொதுமக்களுக்குத் திறந்தது, கெடுவுக்குள் ஒன்று வந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டால் பிரின்சிபால் எண்ணோடு பதில் சொல்கிறாரா, சிரித்து மழுப்புகிறாரா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எடிசன் பற்றி. அங்கே நல்ல பள்ளிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தினமும் அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தைக் கொடுத்து அதை வாங்குகிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ராத்திரி அப்பா மடியில் உட்கார்ந்து கதை கேட்பது பத்துக்கு எட்டு மதிப்பெண் பள்ளியைவிடச் சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சார்ட்டரில் சேர்ந்து ஆறு மாதத்தில் பிடிக்கவில்லை என்றால், உங்கள் ஊர்ப் பள்ளி மாவட்டம் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும், நடுவருஷமானாலும் சரி. இந்த இடத்தை இப்போது விட்டால் அது வெயிட்லிஸ்டில் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்ப வாங்க இன்னொரு குலுக்கல்தான். அக்கா அங்கே படித்தால் சின்னவனுக்குக் குலுக்கலில் முன்னுரிமை தரப் பள்ளிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த வழக்கம் அங்கே உண்டா என்று கேட்டு வையுங்கள். ஆடிட் அறிக்கை பயமுறுத்தாமல், வளர்ச்சி எண் 50ஐ ஒட்டியோ மேலேயோ இருந்தால், இடத்தை எடுங்கள்.

சேர்ந்தபின் நம்மவர்கள் செய்யும் இரண்டு தவறுகள். டிசம்பர் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்து ஐந்து வாரம் ஊருக்குப் போய்விடுகிறோம். 180 நாளில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 நாள் வராமல் போனால் பிள்ளை 'தொடர்ந்து வராதவர்' பட்டியலில் விழும். பள்ளியைத் தரம் பார்க்கும்போது மாநிலம் அந்தப் பட்டியலையும் கணக்கில் எடுக்கிறது, 40 பேர் வகுப்பில் உங்கள் ஒரு பிள்ளையே 2.5 சதவீதம். பயணத்தைக் கோடைக்கு வையுங்கள். அடுத்தது, சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளை என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து பலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். தேவைப்பட்டால் ஒரு சின்னப் பரீட்சை வைப்பார்கள். அவள் ஆங்கிலத்தில் தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. உதவி தேவை என்று தெரிந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரின் நேரம் அவளுக்குக் கிடைக்கும்.